ஐன்ஸ்டீனின் மூளையை வெட்டிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

கேள்வி இதுதான்: ஐன்ஸ்டீனின் மூளை பிறப்பிலேயே வேறு மாதிரி இருந்ததா? அதனால்தான் அவர் மேதை ஆனாரா? அதை எடுத்து ஆராய்ந்தவர்கள் கடைசியில் எதைக் கண்டுபிடித்தார்கள்?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: எடுத்தார்கள், துண்டு போட்டார்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ந்தார்கள். மேதைமைக்குக் காரணம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அவற்றை அவருடைய குறிப்பேடுகளிலும் கடிதங்களிலும் தேட வேண்டும். எல்லோரும் ஜாடிக்குள் தேடியதுதான் வேடிக்கை. சரி, ஜாடிக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1955 ஏப்ரல் 18 அதிகாலையில் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஐன்ஸ்டீன் இறந்தார். வயது 76. வயிற்றுப் பெருந்தமனியில் இருந்த வீக்கம் வெடித்ததுதான் காரணம். அது புதிதாக வந்த நோய் இல்லை. 1948-லேயே ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டிருந்தார். அது ஏழு ஆண்டுகள் தாங்கியது. மறுபடி அறுவை செய்யலாம் என்று சொன்னபோது ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். கடைசி வார்த்தைகளை ஜெர்மனில் சொன்னார். அருகில் இருந்த செவிலிக்கு ஜெர்மன் தெரியாது.

உடலை எரித்துவிட வேண்டும், சாம்பலை எங்கே தூவினோம் என்பதும் வெளியே தெரியக்கூடாது என்பது அவர் விருப்பம். தன் எலும்புகளை வைத்து யாரும் வழிபாடு நடத்திவிடக்கூடாது என்ற கவலை. அன்றைக்கே எரித்தும் விட்டார்கள், மூளையையும் கண்களையும் தவிர. பிரேதப் பரிசோதனை செய்த நோயியல் மருத்துவர் தாமஸ் ஹார்வி யாரிடமும் அனுமதி கேட்காமல் மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். கண்கள் ஹென்றி ஆப்ரம்ஸ் என்ற கண் மருத்துவரிடம் போயின. விஷயம் வெளியே வந்தபிறகு, மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் அரைமனதாக ஒப்புக்கொண்டார்: ஆராய்ச்சிக்கு மட்டும், முடிவுகள் அறிவியல் இதழ்களில் மட்டும்.

எடை 1,230 கிராம். அந்த வயது ஆணுக்குச் சாதாரணம், சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஹார்வி எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்தார். பிறகு சுமார் 240 துண்டுகளாக வெட்டினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அவற்றிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, நுண்ணோக்கிக்கான ஸ்லைடுகள் செய்து, சில வல்லுநர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வியக்கத்தக்கதாக எதுவும் படவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்சே இல்லை. ஹார்விக்கு வேலை போனது, ஊர் மாறினார், மூளையும் கூடவே போனது. 1978-இல் ஸ்டீவன் லெவி என்ற பத்திரிகையாளர் தேடிப் போனபோது, கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில், ஹார்வியின் அலுவலக அறையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கண்ணாடி ஜாடிகளில் அது இருந்தது. ஹார்வி கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் மூளை ஆராய்ச்சியாளரும் இல்லை. கையில் இருப்பது என்னவென்று தெரியும், அதை வைத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியாது. கடைசிவரை அவர் நிலை அதுதான்.

லெவியின் கட்டுரைக்குப் பிறகுதான் ஆராய்ச்சிகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது மரியன் டயமண்ட் குழுவின் 1985 கட்டுரை. பெர்க்லியில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர் அவர். விளையாட்டுப் பொருட்களும் துணையும் நிறைந்த கூண்டில் வளரும் எலிகளின் பெருமூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) தடித்துவிடுகிறது, நியூரான்களைத் தாங்கி ஊட்டும் கிளியா செல்களும் கூடுகின்றன என்று காட்டியவர். ஐன்ஸ்டீனிடமும் அப்படி இருக்குமா என்று பார்க்க, ஹார்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான்கு சிறு துண்டுகளை வாங்கினார். பதினொரு ஆண்களின் மூளைகளோடு ஒப்பிட்டார். நான்கு இடங்களிலும் ஒரு நியூரானுக்கு இத்தனை கிளியா என்ற விகிதம் கொஞ்சம் அதிகம். ஆனால் புள்ளியியல் கணக்கில் தேறியது ஒரே ஓர் இடம், இடது பரைட்டல் மடலின் (மூளையின் மேல் பின்பகுதி) கோண மடிப்பு. பத்திரிகைகள் உடனே 'மேதையின் ரகசியம்' என்று எழுதிவிட்டன.

அதில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். ஒப்பிட்ட ஆண்களின் சராசரி வயது 64, ஐன்ஸ்டீனுக்கு 76. வயதோடு மூளைச் செல்களின் கணக்கும் மாறும் என்னும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை. நான்கு இடங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பல வகைச் செல்களை எண்ணி, பல ஒப்பீடுகள் செய்தால், ஏதோ ஒன்று தற்செயலாகவே வித்தியாசமாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு மனிதர். அவர் இயற்பியல் மேதை மட்டும் இல்லை; புகை பிடித்தவர், வயலின் வாசித்தவர், இரண்டு மொழிகளில் வாழ்ந்தவர், வயிற்று நோய்க்காரர். கூடுதல் கிளியா இவற்றில் எதனுடைய விளைவு?

1996-இல் பிரிட் ஆண்டர்சன், ஹார்வியோடு சேர்ந்து முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியைப் பார்த்தார். அங்கே புறணி மெல்லியதாக இருந்தது, அதனால் நியூரான்கள் நெருக்கமாக இருந்தன. நெருக்கம் என்றால் தகவல் வேகமாகப் பாயும் என்று ஒரு விளக்கம் வந்தது. கவனித்தீர்களா, டயமண்டின் எலிகளிடம் தடித்த புறணி நல்ல அறிகுறி. இங்கே மெலிந்த புறணியும் நல்ல அறிகுறி. தடித்திருந்தாலும் மேதை, மெலிந்திருந்தாலும் மேதை என்றால், நாம் சோதிப்பது மூளையையா நம் ஆசையையா?

அதிகப் புகழ் பெற்றது 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா விட்டல்சன் ஒரு மூளை வங்கி வைத்திருந்தார், ஆகவே ஒப்பிட அவரிடம் நிறைய மாதிரிகள் இருந்தன. புகைப்படங்களை அளந்து, ஐன்ஸ்டீனின் பரைட்டல் மடல்கள் மற்ற ஆண்களுடையதைவிட 15 சதவீதம் அகலம் என்றார். அங்கே வழக்கமாக இருக்கும் ஒரு மடிப்புப் பகுதியே இல்லை என்றும் சொன்னார். இடம், வடிவம், எண் ஆகியவற்றைக் கையாளும் பகுதி அது என்பதால் கேட்கக் கச்சிதமாக இருந்தது. ஆனால் அதே புகைப்படங்களைப் பார்த்த வேறு உடற்கூறு வல்லுநர்கள், இல்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பகுதி இருக்கிறதே என்றார்கள்.

அப்புறம் டீன் ஃபால்க். மனித மூதாதையரின் மண்டையோடுகளில் பதிந்த மூளைத் தடங்களைப் படித்துப் பழகிய மானுடவியலாளர். அவர் கண்ணில் பட்டவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: வலது மூளையின் இயக்கப் புறணியில் இடது கைக்கு உரிய இடத்தில் ஒரு குமிழ் போன்ற புடைப்பு. சிறு வயது முதல் நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களிடம் காணப்படுவது அது. ஐன்ஸ்டீன் குழந்தையிலேயே வயலின் கற்றவர். ஆக, இந்த மூளை ஆராய்ச்சி முழுவதிலும் ஓரளவு நம்பிக்கையோடு படிக்க முடிந்த தடயம் அவருடைய வயலினுடையது! சார்பியல் கோட்பாட்டின் தடம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. 2012-இல் மேலும் 14 பழைய புகைப்படங்களை வைத்து, முன்மூளையில் மடிப்புகள் அதிகம் என்று எழுதினார்கள். 2013-இல் ஷாங்காய் ஆய்வாளர் ஒருவரின் தலைமையில், இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் தடிமன் என்று வந்தது. அதில் ஒப்பீடாவது கொஞ்சம் யோசித்துச் செய்திருந்தார்கள்: 15 முதியவர்கள் ஒரு பக்கம், சார்பியல் கட்டுரை வந்த 1905-இல் ஐன்ஸ்டீனுக்கு இருந்த 26 வயதை ஒட்டிய 52 இளைஞர்கள் இன்னொரு பக்கம்.

இந்தத் தேடலின் வரலாறு இன்னும் பழையது. 1855-இல் கணித மேதை கௌஸ் இறந்தபோது கோட்டிங்கனில் ருடால்ஃப் வாக்னர் அவர் மூளையை எடுத்து வைத்தார்; எடை 1,492 கிராம். எடையில்தான் மேதைமை என்ற நம்பிக்கை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம் வந்ததும் ஒரே மகிழ்ச்சி. பிறகு அனதோல் ஃபிரான்ஸின் மூளை 1,017 கிராம்தான் என்று தெரிந்தது. நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் அவர். எடைக் கொள்கை அதோடு படுத்துவிட்டது. கௌஸ் விஷயத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. 2013-இல் ரெனாட்டே ஷ்வைட்ஸர் என்ற ஆய்வாளர், 'கௌஸின் மூளை' என்று பெயர் ஒட்டியிருந்த ஜாடியின் ஸ்கேன் படத்தில் ஓர் அரிய பிளவைக் கண்டு, வாக்னரின் காலத்து வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அது கௌஸ் இல்லை. அதே ஆண்டில் இறந்த கான்ராட் ஃபூக்ஸ் என்ற மருத்துவருடையது. நூற்றாண்டுக்கு மேலாகப் பெயர் மாறி இருந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் மேதை எது, மருத்துவர் எது என்று யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை.

சரி, இனி மனம்.

முதலில் சில கதைகளை ஒதுக்கிவிடலாம். கணக்கில் தேறவில்லை என்பது பொய். 15 வயதுக்குள் நுண்கணிதம் கற்றுவிட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு மறுத்திருக்கிறார். 1895-இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தவறியது உண்மை. அப்போது அவருக்கு 16, வழக்கமான வயதைவிட இரண்டு குறைவு. கணக்கும் இயற்பியலும் நன்றாகச் செய்து, பொதுப் பாடங்களில் விட்டார். பேச்சு தாமதமாக வந்தது என்பது அவரே எழுதியது, பெற்றோர் மருத்துவரிடமும் காட்டினார்கள். இதை வைத்து அவருக்கு ஆட்டிசம், டிஸ்லெக்சியா என்று இறந்தபின் முத்திரை குத்துவது எனக்கு ஏற்புடையதில்லை. நேரில் பார்க்காத நோயாளிக்கு வாழ்க்கை வரலாற்றுத் துணுக்குகளிலிருந்து நோய் கண்டுபிடிப்பது மருத்துவமே இல்லை. மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம் என்று அவர் சொன்னார் என்பதும் ஆதாரமில்லாதது.

அவர் மனத்தைப் பற்றி அவரே கொடுத்த வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. கணிதர் ஜாக் ஹடமார்ட், கணிதர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பலரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐன்ஸ்டீன் எழுதிய பதிலின் சாரம்: என் சிந்தனையில் சொற்களுக்குப் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை, தெளிவான, தெளிவற்ற பிம்பங்களை மனதுக்குள் சேர்த்துப் பிரித்து விளையாடுகிறேன், அவை காட்சி வகையும், ஓரளவு தசை உணர்வு வகையும், சொற்களை அப்புறம்தான் கஷ்டப்பட்டுத் தேட வேண்டியிருக்கிறது. தசை உணர்வு என்பதைக் கவனியுங்கள். வெறும் படம் பார்ப்பது இல்லை அது. விழுவதை, தள்ளப்படுவதை, கூடவே ஓடுவதை உடம்பால் உணர்ந்து பார்ப்பது.

அவருடைய பெரிய யோசனைகள் எல்லாம் அந்த வகைதான். 16 வயதில் சுவிட்சர்லாந்தின் ஆராவ் பள்ளியில் படித்தபோது, ஒளி அலையின் பின்னால் அதே வேகத்தில் ஓடினால் என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டார். நின்றுபோன அலை தெரிய வேண்டும். ஆனால் மின்காந்தத்தையும் ஒளியையும் விவரிக்கும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் அப்படி ஒன்றை அனுமதிக்கவில்லை. 1907-இல் பெர்ன் காப்புரிமை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, விழுந்துகொண்டிருக்கும் மனிதன் தன் எடையை உணர மாட்டான் என்று தோன்றியது. இவற்றைச் சொல்லும்போது, மின்னலடித்த மாதிரி ஒரு கணத்தில் எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். முதல் கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையே பத்து ஆண்டுகள். இரண்டாவதற்கு எட்டு.

அந்தப் பத்து ஆண்டுகளில் கூட யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1902 முதல் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநர். அங்கே தலைவர் ஃபிரீட்ரிஷ் ஹாலர் பழக்கிய பாடம், விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் சொல்வதெல்லாம் தவறு என்று வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கு என்பது. மாலையில் ஹபிக்ட், சொலோவின் என்ற நண்பர்களோடு ஹியூம், மாக் போன்ற தத்துவ அறிஞர்களை வாசித்து விவாதம். அலுவலகத்திலேயே இன்னொரு நண்பர், மிஷேல் பெஸ்ஸோ. 1905 மே மாதம் பெஸ்ஸோவிடம் ஒளிச் சிக்கலை எல்லாப் பக்கமும் பேசித் தீர்த்துவிட்டு, அடுத்த நாள் வந்து, விடை கிடைத்துவிட்டது, நன்றி என்றார். சார்பியல் கட்டுரையில் மேற்கோள் நூல்களே இல்லை. ஆனால் பெஸ்ஸோவுக்கு நன்றி இருக்கிறது.

எனக்கு இதைவிட அரிய சான்றாகத் தோன்றுவது சூரிச் குறிப்பேடு. 1912-இல் ஈர்ப்பை வளைந்த வெளியாக எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்கான கணிதம் தெரியவில்லை. கல்லூரித் தோழர் மார்செல் கிராஸ்மனிடம் ஓடினார். கல்லூரியில் வகுப்புக்குப் போகாமல் இவர் தேர்வுக்குப் படித்ததும் கிராஸ்மனின் நோட்டுகளைத்தான். கிராஸ்மன், வளைந்த வெளிகளுக்கான ரீமானின் வடிவியலைக் கொண்டுவந்து கொடுத்தார். குறிப்பேட்டில், வளைவை அளக்கும் ரீமானின் டென்சர் என்ற கணித உரு வரும் பக்கத்தில் கிராஸ்மன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். அதற்கடுத்த பக்கங்களில் நடப்பதுதான் விஷயம். சரியான சமன்பாட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். வந்து, இது நியூட்டன் விதிக்கு ஒத்துவராது என்று எண்ணிக் கைவிடுகிறார். 1913-இல் இருவரும் வேறொரு, தவறான, கோட்பாட்டை வெளியிட்டார்கள்.

அந்தத் தவறான கோட்பாட்டை வைத்து அவரும் பெஸ்ஸோவும் புதன் கோளின் பாதை நகர்வைக் கணக்கிட்டார்கள். நியூட்டனால் விளக்க முடியாமல் மிஞ்சியிருந்தது நூற்றாண்டுக்கு 43 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்). இவர்களுக்கு முதலில் 1,800-க்கு மேல் வந்தது. சூரியனின் நிறையில் பத்து மடங்கு பிழை, அது விடையில் நூறு மடங்காகிவிட்டது. திருத்தியபின் 18. போதாது. அதை வெளியிடாமல் வைத்தார்.

1915 இலையுதிர் காலத்தில் கோட்பாட்டின் மேல் நம்பிக்கை போய், மூன்று ஆண்டுக்கு முன் கைவிட்ட பாதைக்கே திரும்பினார். நவம்பர் 4, 11, 18, 25 என்று வாரம் ஒன்றாக நான்கு முறை பிரஷ்ய அகாடமியில் திருத்தித் திருத்திச் சமர்ப்பித்தார். 18-ஆம் தேதி உரையில் புதனின் 43 அப்படியே வந்துவிட்டது. இதயம் படபடத்தது என்று பின்னால் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் கணக்குப் போடுகிறீர்களே என்று கணிதர் ஹில்பர்ட் வியந்து எழுதினார். பெஸ்ஸோவோடு போட்ட பழைய கணக்கு மேசைக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

ஆக, நான் பார்க்கும் ஐன்ஸ்டீன் இப்படி: ஒரு முரண்பாட்டை உடம்பால் உணரும் கற்பனை, அதை விடாமல் ஆண்டுக்கணக்கில் மெல்லும் பிடிவாதம், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கூச்சமின்றிக் கேட்கும் பழக்கம், தன் கோட்பாட்டையே தூக்கிப் போடும் துணிச்சல். இவற்றில் எதற்கு மூளையில் என்ன இடம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதே குணங்கள் அவரைக் காப்பாற்றாமலும் போயின. 1920-களின் நடுவிலிருந்து இறக்கும்வரை ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டைத் தேடினார். முப்பது ஆண்டுகள், அதே பிடிவாதம், பலன் இல்லை. 1936-இல் ஈர்ப்பலைகளே இல்லை என்று ஒரு கட்டுரை அனுப்பி, அதில் பிழை இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் சொன்னதும் கோபித்துக்கொண்டு திரும்ப வாங்கிவிட்டார். பிழை உண்மையாகவே இருந்தது. முடிவை மாற்றித்தான் வேறு இதழில் வெளியிட்டார். மருத்துவமனைக்குப் போன பிறகும் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினார். ஹார்வி எடுத்த மூளை அந்த முதியவருடையது. 1905-இன் வெற்றிக்கு அதில் விளக்கம் தேடுகிறவர்கள் அதன்பின் வந்த முப்பது ஆண்டுத் தோல்விக்கும் அதே மடிப்புகளில் விளக்கம் தர வேண்டும். யாரும் முயன்றதாகத் தெரியவில்லை.

வாழ்க்கையையும் ஒரு வரியில் விட முடியாது. மேதை வீட்டில் எப்படி இருந்தார் என்பது நெருடலான பகுதி. 1914-இல் முதல் மனைவி மிலேவா மாரிச்சுக்கு, கூட வாழ வேண்டுமானால் இன்னின்ன நிபந்தனைகள் என்று பட்டியல் கொடுத்தார். வேலைக்காரருக்குக்கூட அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இளைய மகன் எடுவார்டுக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்தது. 1933-க்குப் பின் தந்தை அவரைப் பார்க்கவே இல்லை. எடுவார்டு 1965-இல் சூரிச் மனநல மருத்துவமனையில் இறந்தார். ஒரே மரபணுக் கிளையில் ஒருவருக்கு மேதைமை, இன்னொருவருக்கு மனநோய். மூத்தவர் ஹான்ஸ் ஆல்பர்ட் ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர். 'பிறப்பிலேயே' என்று கேட்பவர்கள் இந்தக் குடும்பத்தையும் பார்க்கட்டும்.

கடைசியாக, இன்றைய கருவிகளால் அந்தத் துண்டுகளிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா? பெரிதாக நம்பிக்கை இல்லை. ஹார்வி மீதித் துண்டுகளை 1998-இல் பிரின்ஸ்டன் மருத்துவமனைக்கே திருப்பிக் கொடுத்தார். ஸ்லைடுகள் சில ஃபிலடெல்ஃபியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 240 துண்டாக வெட்டிய மூளையில் நீண்ட நரம்பிழைகளின் இணைப்புப் பாதையைத் தொடர முடியாது. நரம்புகள் எந்த வரிசையில் துடித்தன என்பது இறந்த கணத்திலேயே போய்விட்டது. உயிரோடு இருப்பவர்களை ஸ்கேனரில் படுக்க வைத்துத்தான் ஏதாவது தெரிந்துகொள்ள முடிகிறது. 2016-இல் மாரி அமால்ரிக்கும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் 15 கணிதர்களையும், அதே அளவு படித்த, கணிதர் அல்லாத 15 பேரையும் அப்படிப் பார்த்தார்கள். உயர்கணித வாக்கியங்களைக் கேட்டு யோசிக்கும்போது கணிதர்களிடம் வேலை செய்தவை மொழிப் பகுதிகள் அல்ல. பரைட்டல் மடலின் உள்பள்ளத்தைச் சுற்றியும் முன்மூளையிலும் கீழ்ப் பொட்டு மடலிலும் உள்ள பகுதிகள். சொற்களுக்குப் பங்கில்லை என்று ஐன்ஸ்டீன் ஹடமார்டுக்கு எழுதியதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு, மூன்று என்று சாதாரண எண்களைப் பார்க்கும்போது இரு குழுவினரிடமும் இயங்கியதும் பெரும்பாலும் அதே வலைப்பின்னல்தான்.